சுண்ணாம்புக்குச் சுங்கமா?

"வீடு வாடகைக்கு! புதிதாகப் புதுப்பிக்கப்பட்டது!"

இரண்டே வரி. அட்டையில் எழுதி வாயிற்கதவில் தொங்கவிட்டுவிடுகிறார் வீட்டுக்காரர். நேற்றுவரை அதே வீடு; அதே சுவர்; அதே கொல்லை; மழை பெய்தால் அதே மூலையில் அதே ஒழுக்கு. அன்று வாடகை ஐயாயிரம். இன்று சுவருக்கு வண்ணம் வந்துவிட்டது, தரைக்குப் பளபளப்பு வந்துவிட்டது, வாடகையோ பத்தாயிரம்!

எந்தக் கணக்கின்படி என்று கேட்டுப் பாருங்கள். "பக்கத்து வீட்டில் வாங்குகிறார்களே!" என்பார். பக்கத்து வீட்டாரைக் கேட்டால் எதிர்வீட்டைக் காட்டுவார். எதிர்வீட்டாரைக் கேட்டால் தரகர் சொன்னார் என்பார். தரகரைக் கேட்டால், "மார்க்கெட் அப்படி இருக்கு சார்" என்று கையை விரிப்பார். ஒருவரை ஒருவர் சுட்டிச் சுட்டி, கடைசியில் எல்லாரும் வானத்தைச் சுட்டுகிறார்கள்.

வானத்தைச் சுட்டும் விரல் நமக்குப் புதிதன்று. இவன் ஏன் ஏழை என்று கேட்டோம், "விதி" என்றார்கள். இவள் ஏன் விதவைக் கோலத்தில் வாட வேண்டும் என்று கேட்டோம், "விதி" என்றார்கள். விதி எழுதிய ஏட்டைக் காட்டு என்றோம்; காட்டவில்லை. இன்று விதி இருந்த பீடத்தில் சந்தை அமர்ந்திருக்கிறது. அதற்கும் முகமில்லை, முகவரி இல்லை, கணக்கேடு இல்லை. ஆனால் தட்சணை மட்டும் மாதம் முதல் தேதியில் தவறாமல் செலுத்தியாக வேண்டும்! பழைய புரோகிதனை விரட்டிய நாம், புதிய புரோகிதனுக்குப் பணிந்து பாதபூசை செய்வதா?

நாம் கேட்பது ஒன்றே ஒன்று. வீட்டைப் புதுப்பித்தவர் அதற்கான பலனைப் பெறட்டும், மறுக்கவில்லை. ஆனால், என்ன செய்தார், எவ்வளவு செலவாயிற்று, அதில் எது அவர் கடமை, எது குடியிருப்பவருக்குக் கிடைத்த புதிய வசதி என்பதை எழுத்திலே காட்டட்டும். கணக்குக் காட்டப்படாத வாடகை, வாடகையன்று, வரி! வரி விதிக்கும் உரிமையை எந்த வீட்டுக்காரருக்கும் எந்த மக்களும் வழங்கவில்லை.

மண்ணின் மதிப்பை ஏற்றியது யார்?

திருக்கோகர்ணத்தையே எடுத்துக்கொள்வோம். குடைவரைக் கோயில் உள்ள பழைய ஊர். 1910-இல் தொடங்கப்பெற்ற அருங்காட்சியகம் உள்ள ஊர். புதுக்கோட்டை நகரோடு கலந்துவிட்ட பகுதி. மன்னராட்சிக் காலத்தில், சேஷய்ய சாஸ்திரி திவானாக இருந்தபோது, நகரின் குளங்கள் தூர்வாரப்பட்டன, வீதிகள் சீர்செய்யப்பட்டன. அரண்மனைப் பெயரால் நடந்தது. குடிகளின் வரிப்பணத்தால் நடந்தது. 1948-இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று; அலுவலகங்கள் வந்தன; அலுவலர்கள் வந்தனர். 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்தது. 2024-இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது.

ஒவ்வொன்றும் மனையின் மதிப்பை ஒரு படி ஏற்றியது. ஏற்றியது யார்? சாலை போட்ட தொழிலாளி; வரி கொடுத்த குடிமகன்; சட்டமன்றத்தில் வாதாடியவர்; பயில வந்த மாணவன்; பணிபுரிய வந்த செவிலி. வீட்டுக்காரர் அதற்காகத் தூக்கிய செங்கல் எத்தனை? ஒன்றுமில்லை! மருத்துவக் கல்லூரி வந்த செய்தியை அவரும் நாளிதழில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்.

இது நம் கற்பனையன்று. முதலாளித்துவப் பொருளியலின் தந்தை என்று போற்றப்படும் ஆடம் ஸ்மித், 1776-இல் வெளிவந்த தம் நூலில் வீட்டு வாடகையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று கட்டடத்துக்கான வாடகை. மற்றொன்று மனைக்கான வாடகை. கட்டடத்துக்குரியது முதலீட்டின் பலன். மனைக்குரியதோ உரிமையாளர் தம் பங்குக்கு முயற்சி ஏதும் செய்யாமலே அனுபவிக்கும் வருவாய் என்று அவரே சொன்னார். சந்தையின் பெயரால் சத்தியம் செய்வோர், சந்தையின் ஆசானையாவது படித்திருக்க வேண்டாமா?

மனை மதிப்பு ஏறியதற்காக வாடகை கேட்கிறாரா? மனை மதிப்பு என்று பெயர் சொல்லிக் கேட்கட்டும். அதைப் பற்றித் தனியே வாதாடுவோம். "புதுப்பித்தேன்" என்ற போர்வைக்குள் அதை ஒளித்துக் கொண்டுவர வேண்டாம்.

இன்னொரு வேடிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். கோயிலைச் சுற்றிய ஊர் இது. கோயில் சொத்தைக் குத்தகைக்கு விட்டால், அதன் வாடகையைக் குறிப்பதற்கு அறநிலையச் சட்டத்தில் 34-அ என்றொரு பிரிவு உண்டு. இணை ஆணையர், செயல் அலுவலர் அல்லது அறங்காவலர், மாவட்டப் பதிவாளர் ஆகியோர் கொண்ட குழு கூடி, கணக்குப் பார்த்து, வாடகையைக் குறிக்க வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபடியும் குறிக்க வேண்டும். அந்தக் குழு சந்தை மதிப்பைத்தான் அளவுகோலாகக் கொள்கிறது; அதில் நமக்குக் குறை உண்டு. ஆனாலும் குழு என்று ஒன்று இருக்கிறதே! உண்ணாத, உறங்காத, மழையில் நனைந்தாலும் தும்மாத ஆண்டவன் பெயரிலுள்ள கட்டடத்துக்குக் குழுவும் கோப்பும் உண்டு. பிள்ளைகளோடு வீடு தேடி வெயிலில் அலையும் மனிதனுக்கோ தரகரின் வாய்ச்சொல்தான் சாசனம்!

கடமைக்குக் கட்டணமா?

"புதுப்பித்தல்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள்களை மூட்டை கட்டிவிட்டார்கள். மூட்டையை அவிழ்ப்போம்.

முதலாவது பழுதுபார்த்தல். சுவரில் காரை பெயர்ந்தது, பூசினார். குழாய் துருப்பிடித்தது, மாற்றினார். மின்கம்பி கருகியது, மாற்றினார். தளம் ஒழுகியது, அடைத்தார். சுண்ணாம்பு அடித்தார், கதவுக்கு வண்ணம் பூசினார். இவையெல்லாம் யார் பொறுப்பு? நாம் சொல்ல வேண்டாம்; சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் நில உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றி 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். கட்டுமானப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தேவையானபோது குழாய்களை மாற்றுதல், உள்ளும் புறமும் மின்கம்பி இணைப்புப் பராமரிப்பு ஆகிய இவை வீட்டு உரிமையாளரின் பட்டியலில் இருக்கின்றன. குடியிருப்பவருக்கும் தனிப் பட்டியல் உண்டு: குழாய் வாசர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு நீக்குவது, சுவிட்சு பிளக்குப் பழுது, தாழ்ப்பாள் பூட்டு மாற்றுவது முதலியவை. அவரவர் கடமை அவரவர்க்கு.

குடித்தனக்காரர் தாம் மாற்றிய தாழ்ப்பாளுக்காக வாடகையைக் குறைத்துக் கொடுக்கிறாரா? இல்லை! அப்படியானால் வீட்டுக்காரர் தாம் அடித்த சுண்ணாம்புக்காக வாடகையை ஏற்றுவது எந்த நியாயம்? ஆண்டாண்டாக வாங்கிய வாடகைக்குள்ளேயே அந்தச் சுண்ணாம்பின் விலை அடங்கியிருக்கிறது. பத்தாண்டு பழுதுபாராமல் போட்டுவைத்து, பத்தாண்டுக் கடமையை ஒரே மாதத்தில் செய்து முடித்து, "புதுப்பித்தேன்" என்று மார்தட்டுவது, பள்ளிக்கூடம் பக்கமே வராத மாணவன் தேர்வு நாளன்று வந்து பரிசு கேட்பதைப் போன்றது.

வாஸ்துவுக்கு வாடகையா?

இரண்டாவது, உரிமையாளரின் சொந்த விருப்பத்துக்காகச் செய்யப்படும் செலவு. அதிலே அழகு விருப்பம் உண்டு. ஆடம்பர விருப்பம் உண்டு. எல்லாவற்றிலும் கேடாக, வாஸ்து விருப்பம் உண்டு!

சமையலறை அக்கினி மூலையில் இல்லையாம், இடித்தார், மாற்றினார். ஈசானிய மூலையில் கழிவறை இருக்கலாகாதாம். நல்ல கழிவறையைப் பெயர்த்தார், வேறிடத்தில் கட்டினார். படிக்கட்டின் எண்ணிக்கை சரியில்லையாம். ஒரு படியைக் கூட்டினார். வாயிலைத் திருப்பினார், சுவரைத் துளைத்தார், பிறகு கணபதி ஹோமம் நடத்தி, புதிதாக வண்ணம் பூசிய சுவரிலே புதிதாகப் புகையும் ஏற்றினார்.

செய்துகொள்ளட்டும். மடமைக்கும் மனித உரிமை உண்டு; அறிவுரை சொல்வோம், கையைப் பிடித்து இழுக்கமாட்டோம். ஆனால் அந்தச் செலவு வாடகைக் கணக்கில் ஏறுவது எப்படி? குடியிருக்க வருபவர் இசுலாமியராக இருக்கலாம், கிறித்தவராக இருக்கலாம், நம்மைப்போல் கடவுள் மறுப்பாளராக இருக்கலாம். வாஸ்து புருடன் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கிறான் என்பது அவர் கவலையன்று. தம் தலையை வைத்துப் படுக்க இடம் கேட்டு வந்தவர் அவர்! வேண்டாத மூலைக்கு மாதந்தோறும் அவர் ஏன் அபராதம் கட்ட வேண்டும்? மூடநம்பிக்கை எவருடையதோ, முழுச்செலவும் அவருடையதே.

மூன்றாவது மட்டுமே மேம்பாடு

வெளியே இருந்த கழிவறை வீட்டுக்குள் வந்தது. இல்லாத அறையொன்று எழுந்தது. தண்ணீர்த் தொட்டி வந்தது. ஓட்டுக்கூரை போய்க் காங்கிரீட் தளம் வந்தது. இவை மேம்பாடு. குடியிருப்பவர் முன்பு பெறாத வசதியை இப்போது பெறுகிறார். இதற்கு விலை கேட்பது நியாயம், கொடுப்பதும் நியாயம். எவ்வளவு? அதைச் சொல்லச் சந்தை வேண்டாம். பள்ளியில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வட்டிக் கணக்கே போதும்.

விளங்கும்பொருட்டு ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் ரூ. 3,00,000 செலவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதில் வெள்ளையடிப்பு, குழாய், மின்கம்பி, தள ஒழுக்கு என்று ரூ. 80,000 பழுதுபார்ப்பு, அது கடமை. சமையலறையை மூலை மாற்றியது ரூ. 40,000, அது விருப்பம். எஞ்சிய ரூ. 1,80,000 மேம்பாடு.

முதல் வழி: அந்த மேம்பாடு 15 ஆண்டு உழைக்கும் என்று கொள்வோம். 180 மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் ரூ. 1,000. முதல் சிறிது சிறிதாகத் திரும்பி வருவதால், சராசரியாகப் பாதித் தொகைக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி. அது மாதம் ரூ. 600. கூட்டினால் ரூ. 1,600.

இரண்டாம் வழி: தமிழ்நாட்டில் அரைநூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் அளவுகோல். 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், குடியிருப்புக் கட்டடத்துக்கு நியாய வாடகை என்பது மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடு. அதை இந்த ரூ. 1,80,000-க்குப் பொருத்தினால் ஆண்டுக்கு ரூ. 16,200, மாதம் ரூ. 1,350.

மூன்றாம் வழி: ஜெர்மனி நாட்டின் சட்டம். அங்கே வீட்டை நவீனப்படுத்தினால், அதற்கான செலவில் ஆண்டுக்கு 11 விழுக்காடு வரை வாடகையில் ஏற்றலாம் என்று இருந்தது. 2019 சனவரி முதல் அதை 8 விழுக்காடாகக் குறைத்தார்கள். அதற்கும் மேலே ஒரு கூரை போட்டார்கள்: ஆறு ஆண்டுகளுக்குள் சதுர மீட்டருக்கு 3 யூரோவுக்கு மேல் ஏற்றக்கூடாது. பழுதுபார்ப்புக்கான செலவைக் கழித்துவிட்டுத்தான் கணக்கே தொடங்க வேண்டும் என்பதும் அந்நாட்டு விதி. அந்த 8 விழுக்காட்டின்படி நம் எடுத்துக்காட்டில் மாதம் ரூ. 1,200.

மூன்று வழி! மூன்று விடை! ரூ. 1,200, ரூ. 1,350, ரூ. 1,600. ஐயாயிரம் ரூபாய் வீட்டின் வாடகை, மிகத் தாராளமாகக் கணக்கிட்டாலும், ரூ. 6,600-ஐத் தாண்டவில்லை. வீட்டுக்காரர் கேட்பதோ பத்தாயிரம். கூடுதலாகக் கேட்கும் ஐயாயிரத்தில், மேம்பாட்டுச் செலவு முழுவதும் 36 மாதத்தில் திரும்பிவிடும். கடமைச் செலவையும் வாஸ்துச் செலவையும் சேர்த்தாலும் 60 மாதத்தில் திரும்பிவிடும். அதற்குப் பிறகு? அறுபத்தொன்றாம் மாதம் வாடகை இறங்குமா? இறங்காது! செலவு ஒருமுறை; வசூல் ஓயாத முறை! செய்த செலவைக் காட்டி ஏற்றிய வாடகை, செலவு தீர்ந்தபின் எதைக் காட்டி நிற்கிறது?

சட்டம் எங்கே சறுக்கியது?

வாடகைக்கு வரம்பு வேண்டும் என்பது இன்று நாம் கண்டுபிடித்த புதுமையன்று. உலகப்போரின் நெருக்கடியில் 1941-இலேயே சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1946-இல் சட்டம் வந்தது; 1949-இல் மற்றொன்று; 1960-இல் இன்னொன்று. அந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம் நம் பொருளுக்கு நேராகவே விடை சொன்னது. நியாய வாடகை ஒருமுறை குறிக்கப்பட்டுவிட்டால், வீட்டுக்காரர் தம் செலவில் கூடுதல் வசதியோ மேம்பாடோ மாற்றமோ செய்திருந்தால்தான் அதை உயர்த்த முடியும்; அப்போது வீட்டில் குடியிருப்பவர் இருந்தால், அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் அது செய்யப்பட்டிருக்க வேண்டும். ஐந்தாம் பிரிவு இது. பழுதுபார்ப்பதற்காக வீட்டைக் காலிசெய்யச் சொன்னால், வேலை முடிந்ததும் அதே குடித்தனக்காரருக்கு அந்த வீட்டைத் திரும்ப அளிப்பதாக வீட்டுக்காரர் உறுதிமொழி தர வேண்டும். பதினான்காம் பிரிவு இது.

புதிய சட்டம் வந்தது. பழைய சட்டம் போயிற்று. புதிய சட்டத்தில் நன்மையே இல்லை என்று நாம் கூறமாட்டோம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும். வாடகை வாங்கினால் ரசீது தர வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து மிரட்டக்கூடாது. வரவேற்கிறோம். ஆனால் வாடகை எவ்வளவு? இருவரும் ஒப்புக்கொண்ட தொகை! அவ்வளவுதான்.

ஒப்புக்கொண்டாராம்! பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கிறது. பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். பழைய வீட்டைக் காலிசெய்தாக வேண்டும். கையிலே பெட்டி, இடுப்பிலே குழந்தை. ஒருபுறம் இந்த மனிதர். மறுபுறம் பூட்டிய வீட்டின் சாவியைச் சுழற்றிக்கொண்டு காத்திருக்க வல்லவர். இந்த இருவருக்கிடையே நடப்பது ஒப்பந்தமா? தாகத்தால் தவிப்பவன் தண்ணீர் விற்பவனோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம்!

இதனினும் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. குடியிருப்பவர் இருக்கும்போது வீட்டை மேம்படுத்தி வாடகையை ஏற்ற வேண்டுமானால், வேலை தொடங்குமுன்பே அவரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பழுதுபார்ப்பை மேம்பாட்டோடு சேர்க்கக்கூடாது என்கிறது புதிய சட்டம். நல்ல விதி! ஆனால் வீடு காலியாக இருந்தால்? யாரிடமும் எழுத்து வேண்டாம். எவரிடமும் கணக்கு வேண்டாம். பழுதுபார்க்கவோ மாற்றிக் கட்டவோ காலிசெய்ய வேண்டுமென்று கேட்கவும் வழி இருக்கிறது. வேலை முடிந்தபின் பழைய குடித்தனக்காரர் திரும்பி வரலாமா? இருவரும் மனமொத்துப் புது ஒப்பந்தம் செய்துகொண்டால் வரலாமாம். அன்று கடமையாக இருந்தது, இன்று கருணையாகிவிட்டது!

ஆகவே பிறந்தது புதிய தந்திரம். காலிசெய், வண்ணம் பூசு, அட்டையைத் தொங்கவிடு, இருமடங்கு கேள்! நல்ல விதியை மீறவே தேவையில்லை. அது காவல் காக்கும் மனிதரை வெளியே அனுப்பிவிட்டால் போதும்.

முன்பணமும் அப்படியே. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டத்துக்கு மாறு என்று எழுதினார்கள். எழுதிய பேனாவாலேயே, "மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி" என்றும் சேர்த்தார்கள். வாயிலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதை! மாறான ஒப்பந்தத்தை எழுதி நீட்டுவது யார்? வீட்டுக்காரரேயல்லவா?

மறுப்பாரின் வாதம்

"வாடகையைக் கட்டுப்படுத்தினால் யார் வீட்டைப் பராமரிப்பார்?" என்று கேட்பார்கள். கேள்வியில் உண்மையின் ஒரு துளி உண்டு. அதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. பம்பாயில் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை 1940-ஆம் ஆண்டின் அளவிலேயே உறையவைத்தது. விலைவாசி ஏறிக்கொண்டே போயிற்று, வாடகை அசையவில்லை, பழைய கட்டடங்கள் கவனிப்பாரற்றுச் சிதைந்தன. வாடகையை அப்படியே உறையவைத்திருப்பது நியாயமற்றதாகிவிட்டது என்று 1997-இல் உச்சநீதிமன்றமே சொன்னது.

ஆனால் நாம் உறையவைக்கச் சொல்கிறோமா? கணக்கிடச் சொல்கிறோம்! உறைந்த வாடகை வீட்டைக் கொல்லும். கட்டற்ற வாடகை குடியிருப்பவரைக் கொல்லும். கணக்கிட்ட வாடகை இருவரையும் வாழவைக்கும். செலவிட்டவருக்கு முதலும் வட்டியும் திரும்புகிறது. குடியிருப்பவருக்கு வசதி கிடைக்கிறது. இதில் எவருக்கு நட்டம்? தரகரின் நாவன்மைக்கு நட்டம். அது நாட்டுக்கு இலாபம்.

"ஓய்வூதியப் பணத்தில் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி, அந்த வாடகையில் மருந்து வாங்கும் முதியவரும் வீட்டுக்காரர்தானே? கணவனை இழந்து, பாதி வீட்டை வாடகைக்கு விட்டுப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தாயும் வீட்டுக்காரர்தானே?" என்றும் கேட்பார்கள். ஆம்! அவர்கள் நம் பகைவர் அல்லர். சொல்லப்போனால், கணக்கு அவர்களுக்கே முதற்காவல். செலவுக்குரிய வாடகை எவ்வளவு என்று அறியாமல் குறைத்துக் கேட்டு ஏமாறுகிறவர்களும் அவர்களே. தெரிந்தவர் என்ற முகதாட்சணியத்தால் பத்தாண்டு வாடகையை ஏற்றாமல் இருந்துவிட்டு, தளம் ஒழுகும்போது கடன் தேடுகிறவர்களும் அவர்களே. நாம் பேசுவது வீட்டுக்காரர் என்ற மனிதரை எதிர்த்தன்று; கணக்கின்மை என்ற வழக்கத்தை எதிர்த்து.

புதுப்பித்த வீடு, புதுப்பிக்காத மனம்

அட்டையில் மூன்றாவது வரி ஒன்றும் சில இடங்களில் இருக்கும்: "சைவ உணவினர் மட்டும்." எழுதப்படாத நான்காவது வரி ஒன்றும் உண்டு. அது கேள்வியாக வரும்: "நீங்க எந்த ஊர்? அப்பா பெயர் என்ன? உங்க ஆளுங்க...?" வாடகை பேச வந்தவர் வமிசாவளி சொல்ல வேண்டியிருக்கிறது!

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பி, 1917-இல் பரோடா மன்னரின் பணிக்குச் சென்றார். தங்க இடமில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினொன்றாம் நாள், தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. நண்பர்களிடம் கேட்டார், அவர்களும் கைவிரித்தனர். பூங்காவில் அமர்ந்து கண்ணீர் வடித்து, இரவு இரயிலில் ஊர் திரும்பினார். அவரிடம் இல்லாதது பணமா? படிப்பா? பதவியா? மூன்றும் இருந்தன! சாதி என்ற பூட்டுக்கு அவை மூன்றும் சாவியாகவில்லை.

நூறாண்டு கழிந்தது, பூட்டு மாறிற்றா? 2015-இல் சுகதேவ் தோரட்டும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும், தில்லித் தலைநகர்ப் பகுதியில் வாடகை வீடு கிடைப்பதை ஆராய்ந்து வெளியிட்டனர். பெயரைக் கொண்டே தாழ்த்தப்பட்டோரும் இசுலாமியரும் மறுக்கப்படுவதை அந்த ஆய்வு காட்டியது. வீடு கிடைத்தாலும் கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை என்பதையும் காட்டியது. தில்லியின் கதைதானே என்று திருக்கோகர்ணம் தோள் குலுக்கிவிட முடியுமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்!

வாடகைக் கணக்குக்கும் சாதிக்கும் என்ன உறவு என்பீர்களா? நெருங்கிய உறவு! கணக்கில்லாத இடத்தில்தான் ஆளுக்கொரு விலை சொல்ல முடியும். வேண்டியவருக்கு ஆறாயிரம், வேண்டாதவருக்குப் பத்தாயிரம், "வாடகை கட்டுப்படியாகாது" என்று அவரே ஒதுங்கிப்போகட்டும் என்ற கணிப்பு. வாய் திறந்து சாதி சொல்லாமலே சாதியைக் காக்கும் கருவியாகிறது, குறிக்கப்படாத வாடகை. வாடகையை அட்டையிலே எழுதிவைத்துப் பாருங்கள். அந்தக் கருவியின் முனை மழுங்கும். தரையை மாற்றியவர்களே, மனத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். அதற்குக் கொத்தனார் கூலிகூடக் கிடையாது!

செய்ய வேண்டியது

முணுமுணுப்பதால் வாடகை இறங்கியதில்லை. 1915-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஆண்கள் போருக்குப் போயிருந்த நேரம் பார்த்து வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் என்ற பெண்மணியின் தலைமையில் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் எழுந்தார்கள். ஏற்றிய வாடகையைத் தரமாட்டோம் என்றார்கள். காலிசெய்விக்க அலுவலர் வந்தால் மணியடித்து ஊரைக் கூட்டினார்கள். மாவுப் பொட்டலங்களை வீசி விரட்டினார்கள். அவ்வாண்டின் இறுதிக்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, வாடகையைப் போருக்கு முன்பிருந்த அளவில் நிறுத்தியது. அடுப்பங்கரையிலிருந்து புறப்பட்ட அறப்போர் அரசாங்கத்தையே அசைத்தது!

நாம் மாவை வீச வேண்டாம், கணக்கை வீசுவோம். நம் கோரிக்கைகள் ஐந்து.

ஒன்று: புதுப்பித்த வீட்டை வாடகைக்கு விடுமுன், பழுது, விருப்பம், மேம்பாடு என மூன்று பத்தியில் செலவை எழுதி ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும்.

இரண்டு: புதுப்பித்ததற்காக ஏற்றும் வாடகை, மேம்பாட்டுச் செலவில் ஆண்டுக்கு ஒன்பது விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு, காலி வீட்டுக்கும் பொருந்தும்படி சட்டத்தில் வர வேண்டும்.

மூன்று: புதுப்பிப்பதற்காகக் காலிசெய்தவருக்கே முதலில் வீட்டைத் திரும்ப அளிக்கும் பழைய உரிமை மீள வேண்டும்.

நான்கு: முன்பணம் மூன்று மாதமே, "மாறான ஒப்பந்தம்" என்ற கொல்லைக் கதவை அடைக்க வேண்டும்.

ஐந்து: சாதி, மதம், உணவு காட்டி வீடு மறுப்பது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்பதா? வேண்டாம். மன்றங்கள் வைத்திருக்கும் இளைஞர்களே! படிப்பகத்தில் ஒரு பேரேட்டைத் திறந்து வையுங்கள். உங்கள் தெருவில் எந்த வீடு, எத்தனை அறை, பழைய வாடகை என்ன, புதிய வாடகை என்ன, இடையில் நடந்த வேலை என்ன என்று எழுதுங்கள். ஆளின் பெயர் வேண்டாம், எண்கள் போதும். வீடு தேடி வருபவர் தரகரிடம் போகுமுன் உங்கள் பேரேட்டைப் பார்க்கட்டும். ஒப்பந்தம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள், பதிவுசெய்ய வழிகாட்டுங்கள். ரசீது கேட்கத் தயங்குவோருக்குத் துணையாக நில்லுங்கள். உங்கள் வீட்டிலேயே வாடகைக்கு விடும் போர்ஷன் இருக்குமானால், முதற்கணக்கை அங்கிருந்தே தொடங்குங்கள். தந்தையிடம் கேளுங்கள், தாயிடம் கேளுங்கள். சீர்திருத்தத்தைச் சொந்த வாயிலிலிருந்து தொடங்குவதுதான் நம் இயக்கம் கற்பித்த பாடம்.

சாத்திரத்தைப் பார்த்து "ஆதாரம் எங்கே?" என்று கேட்டவர்கள் நாம். அந்தக் கேள்வியைக் கோயில் வாசலோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. வாடகை வீட்டின் வாசலிலும் கேட்போம்:

கணக்கு எங்கே?